நோயும் ஓவியமும்

தோற்றுவாய்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில், சிவனும் திருமாலும் ஓருருவாய் விளங்கும் சங்கரநாராயணர் கோயிலாலும், கோமதியம்மையின் ஆடித்தபசு விழாவாலும் பெயர்பெற்ற ஊராகும். சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர் தத்தம் கடவுளே பெரியர் என வழக்கிட்டதையும், அவ்வழக்குத் தீருமாறு அம்மை தவமிருந்து ஈருருவையும் ஓருருவாய்க் கண்டதையும் தலவரலாறு கூறும். நாம் ஈண்டு ஆராயப் புகுவது அவ்வரலாறன்று. அக்கோயிலுக்கு நோயாளர் வருகின்ற முறையே நம் கருத்தை ஈர்ப்பதாகும்.

தோல்நோயால் வருந்துவோரும், பாம்பு தேள் முதலியவற்றின் நஞ்சுக்கு அஞ்சுவோரும் இங்கு வருகின்றனர். புற்றுமண்ணைப் பெற்று உடலிற் பூசிக்கொள்கின்றனர், நாகசுனையை வணங்குகின்றனர். மனநோயுற்றாரை அம்மை திருமுன் உள்ள சக்கரக் குழியின்மேல் அமர்த்தும் வழக்கமும் உண்டு. இவற்றோடு மற்றொன்றும் செய்கின்றனர். பாம்பு, தேள் ஆகியவற்றின் உருவம் பொறித்த சிறு வெள்ளித் தகடுகளை வாங்கி உண்டியலில் இடுகின்றனர். அஞ்சப்படும் பொருளே அங்கே உருவமாகிக் கையில் ஏந்தப்படுகிறது. பின்னர்க் கையை விட்டு நீங்குகிறது.

இவ்வழக்கத்தால் நோய் தீருமா என்னும் வினா மருத்துவர்க்கு உரியது. நாம் கேட்பது வேறு. தன்னை வருத்துவதன் உருவத்தைத் தன் கண்முன் வைத்துக் காணுதல் நோயாளனுக்கு ஏன் ஆறுதல் தருகிறது? தகட்டைக் கடையில் வாங்குவதே ஆறுதலாயின், உருவத்தைத் தன் கையாலேயே எழுதுபவன் பெறும் ஆறுதல் எத்தகையது? கொடுநோயுற்ற காலத்து ஓவியத்தில் அமைதி தேடிய சிலர் வாழ்வையும், தமிழிலக்கியம் இதுபற்றி உணர்த்தும் செய்திகளையும் ஒருங்குவைத்து இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

நோய் என்னும் சொல்

தமிழில் நோய் என்னும் சொல் உடற்பிணியை மட்டும் குறிப்பதன்று. காதலால் வரும் துன்பமும் நோயே. பிறர் செய்த தீங்கால் வரும் வருத்தமும் நோயே. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் உடல்நோயின் காரணத்தை ஆராய்கின்றார். அவரே காமத்துப்பாலில் தலைவியின் பிரிவுத்துயரை நோய் என்கின்றார். இறைக்க இறைக்க ஊற்றுநீர் பெருகுதல்போல, மறைக்க மறைக்கத் தன் நோய் மிகுகின்றது எனத் தலைவி வருந்துவதாக அவர் காட்டும் உவமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. மறைத்தலால் நோய் குறைவதில்லை. அது வெளிப்பட ஒரு வழி வேண்டும் என்பது அவ்வுவமையால் நாம் பெறும் குறிப்பு.

மருந்ததிகாரத்தின் இறுதிக் குறளும் நம் ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாவது. மருத்துவம் நான்கு உறுப்புடையது என்பது வள்ளுவர் கொள்கை. நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுபவன் என்பன அவை. இந்நான்கனுள் முதற்கண் வைக்கப்பட்டவன் மருத்துவன் அல்லன், நோயுற்றவனே. பரிமேலழகர் ஒவ்வோர் உறுப்புக்கும் நந்நான்கு பண்புகளைக் கூறுமிடத்து, நோயாளனுக்கு உரியவற்றுள் தன் நோய்நிலையை உணர்த்துதலையும், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தலையும் சேர்த்துள்ளார். எனவே நோயாளன் மருந்து ஊற்றப்படும் கலம் அல்லன். மருத்துவத்தில் தானும் ஒரு வினை உடையவன். இக்கருத்தை மனத்திற் கொண்டால், நோயாளனுடைய கைக்கு ஒரு தூரிகை ஏன் வேண்டும் என்பது விளங்கத் தொடங்கும்.

இளிவரலும் பெருமிதமும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளையும் அவை பிறக்கும் நிலைக்களன்களையும் வகுத்துக் கூறுகின்றார். பிணியை அவர் எம்மெய்ப்பாட்டின்கண் வைத்தார் என்று பார்த்தல் வேண்டும். துன்பம் தருவதாகலின் அழுகையின்கண் வைத்திருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மூப்பு, வருத்தம், மென்மை ஆகியவற்றோடு சேர்த்துப் பிணியை இளிவரலின்கண் வைத்தார். இளிவரல் என்பது தன்னைத் தாழ்வாக உணரும் நிலை.

இது நுண்ணிய உண்மையாகும். நெடுநாட் படுக்கையிற் கிடப்பவனை வருத்துவது வலி ஒன்றே அன்று. நேற்றுவரை பிறர்க்கு உதவியவன் இன்று பிறர் கையை எதிர்பார்க்கிறான்; தன் உடம்பு தன் சொற்கேட்பதில்லை; வருவோர் அவனைப் பற்றிப் பிறரிடம் பேசுகின்றனரேயன்றி அவனோடு பேசுவதில்லை. வலி குறைந்த பொழுதிலும் இத்தாழ்வுணர்ச்சி குறைவதில்லை. வலிக்கு மருந்துண்டு; இளிவரலுக்கு மருந்தென்ன?

விடையும் அவ்வியலிலேயே உள்ளது. இளிவரலுக்கு மறுதலையாக நிற்கத்தக்கது பெருமிதம். அது பிறக்கும் நிலைக்களன்களுள் தொல்காப்பியர் முதலாவதாக எண்ணுவது கல்வி. ஏனையவை தறுகண், புகழ், கொடை என்பன. உவகைக்கு உரியனவாக அவர் கூறும் நான்கனுள் அறிவும் விளையாட்டும் உள்ளன. ஓவியம் கல்வியுமாம், விளையாட்டுமாம். படுக்கையிற் கிடப்பவன் இன்று ஓர் இலையை நேற்றைவிடச் செம்மையாக எழுதுவானாயின், உடம்பு தளர்ந்துவரும் காலத்திலும் அவன்கண் ஒன்று வளர்கின்றது. எழுதிய படத்தை மகளுக்கோ செவிலிக்கோ அளிப்பானாயின், பெறுபவனாகவே கிடந்தவன் கொடுப்பவன் ஆகிறான். கல்வியோடு கொடையும் சேர்ந்து பெருமிதத்தின் இரண்டு வாயில்கள் அவனுக்குத் திறக்கின்றன. ஓவியம் தரும் ஆறுதல் கண்ணீரைத் துடைத்தல் அன்று. இளிவரலில் ஆழ்ந்தவனைப் பெருமிதத்திற்கு ஏற்றுதலே என்பது நம் கருத்து.

கட்டில்மேல் எழுதிய ஓவியம்

ஓவியத்தைக் காண்டல் வேறு, எழுதுதல் வேறு. இவ்வேறுபாட்டை விளக்க நெடுநல்வாடையினும் சிறந்த சான்று இல்லை. போர்மேற் சென்ற பாண்டியனைப் பிரிந்து அரண்மனையில் தனித்திருக்கிறாள் அரசி. அவள் கட்டிலின் மேல், மெழுகூட்டிய துணியில் விண்மீன் மண்டிலம் எழுதப்பட்டுள்ளது. திங்களை விட்டுப் பிரியாத உரோகிணியின் உருவமும் அதன்கண் உண்டு. அரசி அவ்வோவியத்தை நோக்குகிறாள், பெருமூச்செறிகிறாள். தோழியரும் செவிலியரும் கூறும் ஆறுதல் மொழிகளும் பயன்படவில்லை.

நக்கீரர் ஓவியத்தை இங்கு ஆறுதற்பொருளாகக் காட்டவில்லை என்பது கருதத்தக்கது. அழகிய படம் ஒன்றை நோயாளி முன் மாட்டிவிட்டால் அவர் துயர் தீரும் என்று எண்ணுவோர் இக்காட்சியை நினைத்துப் பார்த்தல் நன்று. பிறர் எழுதிய இன்பக் காட்சி, இன்பம் இழந்தார்க்குத் தம் இழப்பையே நினைவூட்டுதலும் கூடும்.

பரிபாடலில் இதற்கு மாறான காட்சி உள்ளது. திருப்பரங்குன்றத்தில் எழுதப்பட்ட ஓவியங்களைக் காண மக்கள் திரண்டு வருகின்றனர். ஞாயிறு முதலிய கோள்களின் நிலை, காமனும் இரதியும், அகலிகை வரலாறு எனப் பல காட்சிகளைச் சுட்டிக்காட்டி, இஃது யாது என ஒருவர் வினவ, மற்றவர் விடை கூறுகின்றார். அங்கே ஓவியம் பேச்சுக்கு இடந்தருகிறது. தனித்துக் கண்ட அரசிக்குத் துயர் தந்த கலை, கூடிக் கண்டார்க்கு உவகை தந்தது. எனவே நோயாளர்க்கு ஓவியம் ஆறுதல் அளிக்க வேண்டுமாயின் அவர் தாமே எழுதல் வேண்டும். அல்லது பிறரோடு கூடிக் கண்டு உரையாடல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத ஓவியம் சுவருக்கு அழகு செய்வதோடு நின்றுவிடும்.

கிழியும் கூடலும்

நோயுற்றவர் தாமே எழுதும் வழக்கத்தையும் தமிழிலக்கியம் அறியும். காமநோய் முற்றிய தலைவன் மடலேறத் துணியும்பொழுது, தலைவியின் உருவத்தைக் கிழியில் எழுதிக் கையில் ஏந்துவான் என்று கோவை நூல்கள் கூறும். வாய்விட்டுக் கூற இயலாத துன்பத்தை அவன் உருவமாக்கி ஊரறியக் காட்டுகிறான். அவ்வேளையில் தோழி, தலைவியின் உறுப்பழகை எழுதுதல் அரிது என்று கூறித் தடுப்பதும் அந்நூல்களில் வரும் துறையே. எழுதமுடியாததை எழுத முயல்வதே ஓவியன் தொழில் என்னும் உண்மை அவ்விளையாட்டுப் பேச்சில் அடங்கியுள்ளது.

தலைவிக்கு உரியது கூடலிழைத்தல். கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் வட்டம் இழைப்பாள். தொடங்கிய இடத்தில் முனை வந்து கூடினால் தலைவன் வருவான் என்று கொள்வாள். சங்கரன்கோவிலுக்கு வடக்கே உள்ள திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் நான்காம் பதிகம் முழுவதையும் இக்கூடற்கே உரிமையாக்கினார். வண்ணமும் தூரிகையும் இல்லாதாள், மணலையும் விரலையும் கொண்டே தன் நோய்க்கு ஓர் உருவம் தருகிறாள். வட்டம் கூடினும் கூடாவிடினும், இழைக்கும் அச்சிறு பொழுதில் அவள் மனம் விரல்நுனியில் நிற்கின்றது. நோய் அப்பொழுது அவளை ஆட்டுவதில்லை.

உஷையின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. கனவிற் கண்டவன் யாவன் என்று அறியாது அவள் வாடியபொழுது, தோழி சித்திரலேகை பலர் உருவங்களை எழுதிக் காட்ட, அநிருத்தன் உருவத்தை உஷை இன்னான் என அறிந்துகொண்டாள். பெயர் தெரியாத துன்பம் பெருந்துன்பம். அதனை இன்னது என்று அறிந்து சுட்டத் தொடங்கிய உடனே அதன் வலிமையிற் பாதி குறைந்துவிடுகிறது. பரிமேலழகர் நோயாளன் பண்பாகக் கூறிய நோய்நிலை உணர்த்தல், சொல்லால் மட்டுமன்றி உருவத்தாலும் நிகழலாம் என்பதற்கு இக்கதை சான்றாகும்.

மண்ணும் வண்ணமும்

சங்கரன்கோவில், தென்பாண்டி நாட்டு ஐம்பூதத் தலங்களுள் மண்ணின் தலமாகப் போற்றப்படுவது. அங்கே நோயாளர் பூசிக்கொள்வதும் மண்ணே. நம் பழைய ஓவியர்தம் வண்ணங்களும் பெரும்பாலும் மண்ணிலிருந்தே வந்தன என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் வேண்டும். செங்காவியும் மஞ்சட்காவியும் மண், வெண்மைக்குச் சுண்ணம், கருமைக்கு விளக்குக்கரி. இவற்றைக் கொண்டே சித்தன்னவாசலின் தாமரைக் குளம் எழுந்தது.

இவ்வட்டாரம் ஓவியத்திற்குப் புறம்பானதும் அன்று. தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூரில், கோபுரத்தின் ஐந்து நிலைகளின் உட்சுவர்களிலும் ஓவியங்கள் நிறைந்துள்ளன. திருக்குற்றாலத்திலோ ஓவியமே இறைவனாக வணங்கப்படுகிறது. கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் திருவாலங்காடு, சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி ஆகிய நான்கும் போக எஞ்சியது குற்றாலத்துச் சித்திரசபை. அங்கே ஆடவல்லான் செப்புத் திருமேனியாக நில்லாமல் சுவரில் வண்ணமாக நிற்கின்றான். அருவியில் நீராடி நலம்பெற வருவோர் அவ்வோவியத்தையும் வணங்கிச் செல்கின்றனர். உடல்நலம் நாடிச் செல்லும் ஊரிலேயே ஓவியத்திற்கு ஒரு கோயில் அமைந்திருத்தல் தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் நோயும் ஓவியமும் ஒருங்கு நிற்கத்தகாதன அல்ல என்பதை இவ்வட்டார மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

பிற்காலச் சான்றுகள்

இனி, கொடுநோயின்கண் ஓவியத்தைப் பற்றுக்கோடாகக் கொண்ட சிலர் வாழ்வைக் காண்போம்.

கவியரசர் தாகூர் அறுபது வயதைக் கடந்த பின்னரே ஓவியத்தில் முழு ஈடுபாடு கொண்டார். கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய இடங்களைக் கோலங்களாக இணைத்ததே அவர் ஓவியத்தின் தொடக்கம். 1930இல் பாரிசில் அவருடைய ஓவியக் காட்சி நடைபெற்றது. 1937 செப்டம்பரில் கொடிய நோயால் அவர் நினைவிழந்தார். நினைவு மீண்டபின் அவர் முதலிற் செய்தது பாட்டெழுதுதல் அன்று. வண்ணமும் தூரிகையும் வருவித்து, ஒரு மரப்பலகையில் இயற்கைக் காட்சி ஒன்றை எழுதியதே ஆகும். வாழ்நாள் முழுதும் சொல்லை ஆண்டவர், இறப்பின் எல்லைவரை சென்று மீண்டபொழுது சொல்லை நாடாமல் வண்ணத்தை நாடினார். சொல்லுக்கு எட்டாத நிலை ஒன்று நோயில் உண்டு; அவ்விடத்தில் ஓவியம் பேசும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அவர் நிறுவிய சாந்திநிகேதனத்தில் பயின்று அங்கேயே ஆசிரியராய் விளங்கியவர் வினோத் பிகாரி முகர்ஜி. 1904இல் பிறந்த அவருக்குப் பிறவியிலிருந்தே ஒரு கண்ணில் பார்வையில்லை. மற்றொரு கண்ணின் பார்வையும் குறைவு. அந்நிலையிலேயே 1946, 1947 ஆண்டுகளில் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலத்து அடியார்களின் வாழ்வைப் பேரோவியமாக எழுதினார். 1950களின் பிற்பகுதியில், கண்ணில் அறுவை செய்தபின் எஞ்சிய பார்வையும் போயிற்று. ஓவியனுக்கு இதனினும் பெரிய இழப்பு யாது? அவரோ தொழிலைக் கைவிடவில்லை. வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டிப் படங்கள் அமைத்தார். விரலாலே தடவி உருவங்கள் இயற்றினார். 1972இல் ஓட்டுச் சில்லுகளால் சுவரோவியமும் அமைத்தார். அவரைப் பற்றிச் சத்தியஜித் ராய் எடுத்த படமும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. கலை கண்ணில் மட்டும் இல்லை, கையிலும் நினைவிலும் உள்ளது என்பதை 1980இல் மறையும்வரை அவர் வாழ்ந்து காட்டினார்.

மேனாட்டில் மத்தீசு என்பாரின் வாழ்வு இரு முறை இவ்வுண்மையைக் காட்டுகின்றது. வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த இளைஞர் அவர். குடல்வால் நோயால் படுக்கையிற் கிடந்தபொழுது, பொழுது போவதற்காகத் தாயார் வண்ணப்பெட்டி ஒன்றை அளித்தார். அப்பெட்டியே அவரை ஓவியர் ஆக்கிற்று. 1941இல் வயிற்றில் பெரிய அறுவை நேர்ந்தபின் அவரால் நெடும்பொழுது நிற்க இயலவில்லை. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தவாறே வண்ணம் தீட்டிய தாள்களைக் கத்தரியால் வெட்டி உருவங்கள் படைத்தார். 1954இல் இறக்கும்வரை அவ்வாறு படைத்தவை அவருடைய சிறந்த படைப்புகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. தூரிகை பிடிக்க இயலாதபொழுது கலை அவரை விட்டு நீங்கவில்லை. தன் கருவியை மாற்றிக்கொண்டது.

பால் கிளே என்பாருக்கு 1935இல் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் நோய் தோன்றியது. மறு ஆண்டில் அவர் படைத்தவை ஏறத்தாழ 25 மட்டுமே. பின்னர், நோய் தீராத நிலையிலேயே, 1939ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 1,200க்கு மேற்பட்ட படைப்புகளைச் செய்தார். 1940இல் இறந்தார். முன்னிருந்த நுண்ணிய கோடுகள் போய், தடித்த கருங்கோடுகள் அவருடைய பிற்காலப் படங்களில் மிகுந்தன. நோய் கொண்ட கை தனக்கு இயன்ற கோட்டையே நடையாக்கிக்கொண்டது போலும்.

இம்முயற்சி ஒரு துறையாக வளர்ந்த வரலாற்றையும் சுருங்கக் கூறுவோம். ஆங்கில ஓவியர் ஏட்ரியன் இல் என்பவர் 1938இல் காசநோயுற்று மருத்துவ விடுதியில் கிடந்தார். ஓவியம் எழுதியே அந்நாள்களைக் கடந்தார். பின்னர் உடனிருந்த நோயாளர்க்கும் அதனைக் கற்பித்தார். ஓவிய மருத்துவம் என்று பொருள்படும் தொடரை 1942இல் வழங்கிய அவர், 1945இல் அதுபற்றி நூலும் எழுதினார். காசநோய்க்குச் சிறந்த மருந்து காணப்படாத காலம் அது. திங்கட்கணக்கில் படுத்திருத்தலே மருத்துவமாயிருந்தது. சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928இல் மருத்துவர் சவரிமுத்து நிறுவிய காசநோய் விடுதியும் அக்காலத்து அமைப்பே. அத்தகைய நெடும்படுக்கையில் நோயாளனின் முதற்பகை நோய் எனின், இரண்டாம் பகை காலம். அக்காலத்தை வேலையாக மாற்றியதே ஏட்ரியன் செய்த உதவி. இன்று இத்துறையில் ஆராய்ச்சிகள் பெருகியுள்ளன. உலகச் சுகாதார அமைப்பின் ஐரோப்பிய மண்டல அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, கலைகளுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்து 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நோய்த்தடுப்பிலும் நோயாளரைப் பேணுதலிலும் கலைகளுக்குப் பங்குண்டு எனக் காட்டியுள்ளது.

ஆறுதலின் எல்லை

இதுவரை கூறியவற்றால் ஓவியம் எல்லா நோயும் தீர்க்கும் என்று எவரேனும் முடிவு செய்வராயின் அது பெரும்பிழையாகும். நம் நாட்டு ஓவியர் கே. இராமானுசம் வாழ்வை இதற்கு எடுத்துக்காட்டுவோம். சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய அவர் சென்னை ஓவியப் பள்ளியில் கே. சி. எஸ். பணிக்கரிடம் பயின்றார். பேச்சுத் தடையும் மனநோயும் அவரை வருத்தின. 1966இல் பணிக்கர் முயற்சியால் சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூர் எழுந்தபொழுது அங்கு வாழ்ந்தார். கோட்டைகள், தேர்கள், விந்தை விலங்குகள், அவற்றிடையே தொப்பியணிந்த தம் உருவம் என இடைவெளியின்றி மைக்கோடுகளால் அவர் படைத்த உலகம், தமிழகத்து இக்கால ஓவிய வரலாற்றில் தனியிடம் பெற்றுள்ளது. அவ்வுலகில் அவர் அரசர், வெளியுலகில் தனியர். 1973இல் இளமையிலேயே மறைந்தார்.

ஓவியம் அவரைக் காத்தது என்று நாம் கூறவியலாது. ஓவியம் பயனற்றுப் போயிற்று என்றும் கூறவியலாது. வாழ்ந்த நாள்களில் அவர்க்குச் சிறப்பளித்தது அதுவே. ஆயின், ஓவியம் மட்டும் ஒருவர்க்குப் போதாது. தக்க மருத்துவமும் இடையறாத துணையும் உடன்வேண்டும் என்பதை அவர் முடிவு நமக்குக் கடுமையாக உணர்த்துகின்றது. வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுத்ததன் கருத்தும் இதுவே. ஓவியம் உற்றவனுக்கு வலிமை தரும். எஞ்சிய மூன்று உறுப்புகளின் வேலையை அது செய்யாது.

புற்றுமண்ணுக்கும் இவ்வுரை பொருந்தும். தொழுநோய்க்கு 1981 முதல் உலகச் சுகாதார அமைப்பு வகுத்த கூட்டு மருந்துமுறை உள்ளது. அந்நோய் இன்று முழுதும் தீர்க்கத்தக்கது. மண்ணை நம்பி மருந்தைத் தள்ளியவர் தம் விரல்களையே இழக்கக்கூடும். விரலிழந்தார்க்குக் கூடலும் இல்லை, கோலமும் இல்லை.

வேறொரு தடையும் கூறப்படுவதுண்டு. ஓவியம் பயிலாதார் நோயுற்ற காலத்து எங்ஙனம் எழுதுவர் என்று சிலர் வினவுவர். தமிழ்நாட்டில் இவ்வினாவுக்கு இடமில்லை. நாடோறும் வைகறையில் வாயிலிற் புள்ளியிட்டுக் கோலமிட்ட கை ஓவியம் அறியாத கை ஆகாது. புள்ளியைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்தில் வந்து கூடும் கோலக்கோடு, கூடல் இழைத்த பழங்கோட்டின் உறவே. குனிந்து தரையில் இட இயலாதவர்க்கு ஒரு பலகையும் தாளும் வண்ணக்கோலும் போதும். செய்தக்க சில உண்டு. எதை எழுதுவது என்பதை நோயாளியே முடிவு செய்தல் வேண்டும். நன்றாயுள்ளதா என்று மதிப்பிடுதலை விட்டு, இஃது யாது என்று பரங்குன்றத்து மக்கள்போல் வினவுதல் வேண்டும். களைப்புற்ற பொழுது நிறுத்துதல் வேண்டும். புற்றுநோய் முதலியவற்றுக்கு மருந்துண்டு உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் மண்ணும் பொடியுமான வண்ணங்களைக் கையாளுமுன் மருத்துவரைக் கேட்டல் இன்றியமையாதது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். நோயுற்றார்க்கு ஓவியம் மூவகையாற் பயன்படுகிறது. உள்ளே உருவின்றி நின்று வருத்துவதைப் புறத்தே உருவாக்கி நிறுத்துதல் ஒன்று. பெறுபவராகவே கிடந்தாரைக் கற்பவரும் கொடுப்பவரும் ஆக்கி, இளிவரலினின்று பெருமிதத்திற்கு உயர்த்துதல் மற்றொன்று. நீளும் காலத்தைத் தம் காலமாக்கிக் கொள்ளச் செய்தல் மூன்றாவது. நோய் தீர்தலும் தீராமையும் இம்மூன்றின்மேல் நிற்பனவல்ல. தீராத நோயிலும் இம்மூன்றும் கிடைக்கும் என்பதே இவற்றின் சிறப்பு. கிளேயின் 1939ஆம் ஆண்டு அதற்குச் சான்று.

சங்கரன்கோவில் உண்டியலில் விழும் வெள்ளித் தகட்டை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. அத்தகட்டை இடுபவர் முதற்பயனை ஓரளவு பெற்றே செல்கின்றார் என்பதை நாம் கண்டோம். அவர் பெறாதவை ஏனைய இரண்டும் ஆகும். அவை தன் கையால் எழுதுவோர்க்கே உரியன. மருந்தைத் தவறாது உண்டு, அருகிருப்பார் துணையோடு, ஒரு கோட்டையேனும் தாமே எழுதும் நோயாளி, வள்ளுவர் முதற்கண் வைத்த இடத்திற்குத் தம்மை உரியவர் ஆக்கிக்கொள்கின்றார். நோயாளரைக் காணச் செல்வோர் பழமும் மலரும் கொண்டு செல்லுதல் நம் வழக்கம். அவற்றோடு ஒரு தாளும் ஒரு வண்ணக்கோலும் கொண்டு செல்லுதல் நல்வழக்காகும்.